வண்டியோடு பிறந்த ரேடியோ

என் மச்சான் வாங்கிய பழைய காரில் ஒரு ரேடியோ இருந்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் பிள்ளைகளே சிரிப்பார்கள். ஆனால் என் வீட்டுக்காரியின் கடைசி வைகாசியை நினைக்கும்போதெல்லாம் அந்த ரேடியோவின் மஞ்சள் விளக்குதான் முதலில் கண்ணுக்குள் எரிகிறது. அதற்குப் பிறகுதான் அவள் முகம் வருகிறது. என்ன செய்வது, அப்படித்தான் வருகிறது.

நாங்கள் சின்னக் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில் மதிலை ஒட்டிய தெருவில் தறி போட்டுப் பிழைத்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரிக்கு அண்ணன், பட்டு நூல் வியாபாரம் செய்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மெட்ராஸில் யாரோ ஒரு அதிகாரியிடம் இருந்து அந்த வண்டியை வாங்கி வந்தார். வெளிநாட்டு வண்டி. எங்கள் தெருவில் நுழைந்தால் திரும்ப முடியாது. வந்த வழியே பின்னாலேயே போக வேண்டும். அவ்வளவு நீளம். அதன் முன் பலகையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பல் வரிசை மாதிரி ஐந்து பொத்தான்களோடு ரேடியோ உட்கார்ந்திருந்தது.

"இது கடையில வாங்கி மாட்னது இல்ல மாப்ளே. கம்பெனியிலேயே வெச்சி அனுப்பினது. வண்டியோட பொறந்தது" என்று மச்சான் அதைத் துண்டால் துடைத்துத் துடைத்துச் சொன்னார்.

பிறந்தது என்னவோ நிஜம். ஆனால் அது பிறந்த தேசம் வேறு. ஐந்து பொத்தானில் எதை அமுக்கினாலும் முள் ஓடிப்போய் ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்கும். உஸ் என்று இரைச்சல் வரும். சிலோன் ஸ்டேஷன் வாங்காது, அதற்கான அலைவரிசையே அதில் கிடையாது. தெருவில் தறிக்குத் தறி சிலோன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மச்சானுக்கு அது பெரிய தலைகுனிவு. கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஒரு பொத்தானைப் பிடித்து வெளியே இழுத்து, பலமாக உள்ளே அமுக்கி, மெட்ராஸ் ஸ்டேஷனை அதில் நிற்க வைத்தார். அதுவும் நிலையாக நிற்காது. வண்டி பள்ளத்தில் இறங்கினால் போதும், முள் நகர்ந்து தெலுங்கு பேச ஆரம்பித்துவிடும்.

"பாரு, டிக்கெட் எடுக்காம விஜயவாடா போய்ட்டான்" என்பார் மச்சான்.

போட்டவுடன் பாடாது. உள்ளே இருக்கிற வால்வுகள் சூடாக வேண்டும். மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். பேச்சு நிதானமாகப் பிறகுதான் வரும். வண்டி வேகம் எடுத்தால் இன்ஜின் சத்தம் ரேடியோவுக்குள் புகுந்து ஈ மாதிரி ரீங்காரம் போடும். வேகத்தைக் கூட்டினால் ஈயும் கூடவே மேலே ஏறும். சரி, வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்கலாம் என்றால் மச்சான் அலறுவார்: "பாட்டரி எறங்கிடும், பாட்டரி எறங்கிடும்!" அவர் பாட்டரியைப் பற்றிப் பேசும்போது சொந்த ரத்தம் இறங்குகிற மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் முன்னால், கண்ணாடிக்குக் கீழே, கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிற மாதிரி கம்பெனிக்காரன் வைத்திருந்தான். முன் சீட்டில் இருப்பவனுக்குக் கேட்கும். பின் சீட்டில் இருப்பவனுக்கு யாரோ பக்கத்து அறையில் முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் பேச்சோடு ஈயும் சேர்ந்து கூடும்.

வேறு ரேடியோ மாற்றலாமா என்று மச்சான் கடைக்காரரைக் கேட்டார். "கழட்டலாம். வண்டி மூஞ்சியில ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு ஏத்த ரேடியோ நம்மூர்ல கெடையாது. பரவால்லியா?" என்றார் அவர். மச்சான் துண்டை எடுத்துப் பொத்தான்களைத் துடைத்துவிட்டு வந்துவிட்டார். கம்பெனி வைத்தது, கை வைக்கக் கூடாது என்று அன்றைக்கே எங்களுக்குள் முடிவாகிப் போனது.

இதெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சமாச்சாரம். அதற்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தோம். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. மச்சான் எதுவும் கேட்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின் சீட்டு கட்டில் மாதிரி அகலம். நான் ஓரமாக உட்கார, அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். பாலுசெட்டிச் சத்திரம், தாமல், ஓச்சேரி, வாலாஜா என்று வழி நெடுக அந்த ரேடியோதான் துணை.

அவளுக்கு ரேடியோ என்றால் உயிர். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுப் பழகியவள். நாடகம், நாதஸ்வரம், விவசாயிகளுக்கு உரம் போடச் சொல்வது, எதுவாக இருந்தாலும் சரி. காரில் படுத்தபடி, "இன்னாங்க சொல்றான்?" என்பாள். நான் முன்பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்துக் கேட்டு, திரும்பக் குனிந்து அவள் காதில் சொல்வேன். "நெல்லுக்குப் பூச்சி மருந்து அடிக்கணுமாம்." "எப்ப அடிக்கணுமாம்?" "அத கேக்கறதுக்குள்ள விஜயவாடா போய்ட்டான்." அவள் சிரிப்பாள். சிரித்தால் வயிறு வலிக்கும், வலித்துக்கொண்டே சிரிப்பாள்.

"நீங்க சொல்றதுதான் நல்லா கீது. அவன் ரொம்ப இழுக்கறான்" என்று ஒரு தடவை சொன்னாள்.

எங்கள் ஊர் கருட சேவையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வைகாசி உற்சவத்தில் அன்று விடியற்காலை பெருமாள் கருடன் மேல் ஏறிக் கோபுர வாசலுக்கு வருவார். கூட்டம் கை தூக்கிக் கோவிந்தா போடும். அதே நேரத்தில் பெரிய குடைகளைச் சாய்த்து அவரை மறைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் யாருக்கும் அவர் தெரியமாட்டார். முன்னொரு காலத்தில் சோளிங்கபுரத்தில் ஒரு பக்தர் இருந்தார். வருஷா வருஷம் தவறாமல் நடந்தே வந்து கருட சேவை பார்த்தவர். தள்ளாமை வந்து ஒரு வருஷம் வர முடியவில்லை. அங்கேயே குளத்தங்கரையில் நின்று அழுதார். பெருமாள் இங்கே கோபுர வாசலில் மறைந்து, அங்கே போய் அவருக்குக் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பினார். அந்த நேரத்துக்குத்தான் குடை.

அசலூரில் இருந்து வருகிற கூட்டம் இது தெரியாமல் முண்டியடிக்கும். "இன்னாம்மா மறைக்கிறானுங்க, குடையத் தூக்கச் சொல்லு" என்று சத்தம் போடும். என் வீட்டுக்காரி திரும்பிக்கொண்டு சண்டைக்கே போய்விடுவாள். "ஏம்மா, உனுக்குக் காலு கீது, வந்துட்ட. வர முடியாதவங்கள பாத்துட்டு வர வாணாமா அவுரு? செத்த நேரம் பொறுக்க மாட்டியா?" பிறந்ததில் இருந்து ஒரு கருட சேவைகூட அவள் விட்டதில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு இருந்த வருஷம்கூடத் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

அந்த வைகாசியில் அவள் வேலூரில் இருந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கருட சேவைக்கு முந்தின நாள். அவளுக்கோ வீட்டுக்குப் போகலாம் என்றதும் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப சேவைக்குப் போய்ச் சேந்துரலாம் இல்ல?" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் வலி அதிகமாகி ஊசி போட்டார்கள். அசைக்கக் கூடாது, விடியற்காலையில் கிளம்புங்கள் என்றார்கள். விடியற்காலையில் கிளம்பினால் வேலூரில் இருந்து எப்படிக் கோபுர வாசலுக்குப் போய்ச் சேருவது?

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

மச்சான்தான் சொன்னார்: "தங்கச்சி, இந்த வருஷம் மெட்ராஸ் ஸ்டேஷன்ல கருட சேவைய நேரா சொல்லப் போறாங்களாம். கடையில பேசிக்கினாங்க. நம்ம வண்டியிலதான் ரேடியோ இருக்குதே."

"அந்த ரேடியோவா?" என்றாள். இருந்தாலும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

இருட்டோடு கிளம்பினோம். மச்சான் நத்தை மாதிரி ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டார். அது அவளுக்காகவா, மெட்ராஸ் ஸ்டேஷன் நழுவக் கூடாது என்றா என்று தெரியவில்லை, இரண்டுக்கும்தான் இருக்கும். மஞ்சள் விளக்கு எரிந்தது. ராணிப்பேட்டை தாண்டியதும் பேச்சு வந்தது. கோயிலில் இருந்து பேசுகிறோம் என்கிற மாதிரி ஏதோ கேட்டது. அதற்குமேல் ஈயின் ரீங்காரம். நான் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிக் காது கொடுத்தேன்.

"இன்னா சொல்றான்?"

"கூட்டம் ரொம்பவாம். நேத்து ராத்திரியே வந்து படுத்துக்கினு இருக்காங்களாம்."

"அது நமக்குத் தெரியாதா. அவுரு கெளம்பிட்டாரா?"

மறுபடி எட்டினேன். "வாகன மண்டபத்துல இருக்காராம். அலங்காரம் ஆயிட்சாம்."

"இன்னா பூவாம்?"

பூவைச் சொன்னான், ஆனால் ஒரு லாரி எதிரே வந்து ஹாரன் அடித்ததில் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரேடியோவைப் பிடுங்கி ரோட்டில் எறியலாமா என்றிருந்தது. வண்டியோடு பிறந்ததாம். பின்னால் படுத்திருக்கிறவளுக்கும் இரண்டு வார்த்தை போய்ச் சேரட்டும் என்று நினைக்கத் தெரியாத எவனோ செய்தது. "மல்லிப்பூ மாலை" என்றேன். இருந்திருக்கும். பெருமாளுக்கு மல்லி இல்லாமலா.

வாலாஜா தாண்டியதும் மச்சான் வண்டியை ஒரு புளியமரத்தின் கீழ் ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"மச்சான், பாட்டரி" என்றேன்.

"கெடக்குது வுடு" என்றார், திரும்பாமலே. கதவுக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினார். ரேடியோவின் காதை, அந்தச் சத்தக் குமிழை, முழுசாகத் திருகி வைத்தார்.

ஈ போய்விட்டது. வண்டி முழுக்க நாதஸ்வரம் நிரம்பியது. தவில் அடிப்பது சீட்டு வழியாக என் தொடைக்கு வந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தின் இரைச்சல், யாரோ ஒரு குழந்தையைக் கூப்பிடுவது, எல்லாம் கேட்டது. இத்தனை நாள் அந்த வண்டியில் போயிருக்கிறோம், அந்த ரேடியோ இப்படிப் பேசும் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் கண்ணை அகலமாகத் திறந்துகொண்டு வண்டியின் கூரையைப் பார்த்தாள். நான் எதையும் குனிந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இதோ எம்பெருமான் கோபுர வாசலை நோக்கி" என்றது ரேடியோ. அவள் இரண்டு கையையும் எடுத்து நெஞ்சின் மேல் குவித்தாள்.

அந்த நேரத்தில் சத்தம் தேய்ந்தது. மஞ்சள் விளக்கு சிவப்பாகி, மங்கி, அணைந்தது.

மச்சான் ரேடியோவின் தலையில் ஓங்கி அடித்தார். இன்னொரு தரம் அடிக்கக் கையைத் தூக்கினார்.

"அடிக்காதண்ணா" என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். "குடை புடிச்சிட்டாங்க."

மச்சான் தூக்கிய கையோடு அப்படியே இருந்தார்.

வண்டிக்குள் மூன்று பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வெளியே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. அவள் குவித்த கையை எடுக்கவில்லை.

"இது எந்த ஊருங்க?"

"வாலாஜா தாண்டி வந்துட்டோம்."

"சோளிங்கபுரம் ரோடு இங்கதான பிரியுது?"

"ஆமா. இப்பதான் தாண்டினோம்."

"அப்ப பக்கத்துலதான்" என்றாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண் ஓரத்தில் இருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. நான் வேட்டி முனையால் துடைத்தேன். அவள் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிற முகம் அது. அந்த நோய் வந்த பிறகு அவளை அவ்வளவு நேரம் வலி இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. மச்சான் வெளியே இறங்கி நின்று ஸ்டீயரிங் பக்கக் கதவில் தலையை முட்டிக்கொண்டார். வெளுத்ததும் வயலுக்குப் போகிற ஜனங்கள் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர்.

"இன்னா சாமி, கப்பல் தரை தட்டிட்சா?" என்றார் ஒருவர்.

"பாட்டரி எறங்கிட்சிபா. செத்த தள்ளி வுடணும்."

"இம்மாம் பெரிய வண்டி, அது பாட்டுக்கு ஓடாதா?" என்று ஒரு பெண் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் திரும்பி, "டேய், சும்மா இருங்கடா. உள்ள நோவாளி அம்மா படுத்துக்கினு கீது. மெதுவாத் தள்ளுங்க. குலுங்கப் போவுது" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. அவர்கள் தள்ளினதைப் போல மெதுவாக ஒரு வண்டியைத் தள்ளி நான் பார்த்ததில்லை. நானும் இறங்கித் தள்ளுகிறேன் என்றதற்கு அந்தப் பெண், "நீ அம்மாவைப் புடிச்சிக்க" என்று சொல்லிவிட்டாள்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. ரேடியோவின் காது முழுசாகத் திருகியபடியே இருந்தது, யாரும் அணைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள் விளக்கு மெல்ல எரிந்தது. வால்வு சூடாகிப் பேச்சு வந்தது. ஈயும் கூடவே வந்தது. அவளுக்குத் தலைவலிக்குமே என்று மச்சான் சட்டென்று சத்தத்தைக் குறைத்தார். குறைப்பதற்குள் எனக்குக் கேட்டுவிட்டது. அவருக்கும் கேட்டுவிட்டது. பெருமாள் இப்போதுதான் கோபுர வாசலில் நிற்கிறார் என்றும், இதோ குடைகளால் மறைக்கிறார்கள் என்றும் ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் புறப்பாடு தாமதமாம். பிறகு தெரிந்துகொண்டோம்.

கண்ணாடியில் மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னாங்க சொல்றான்?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

நான் முன்னால் எட்டினேன். முன் சீட்டைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்திருந்தேன். ஈயின் ரீங்காரத்துக்கு நடுவே கோவிந்தா, கோவிந்தா என்று ஊரே எழுந்து கத்துவது கேட்டது. குடையை எடுத்துவிட்டார்கள்.

குனிந்தேன். "திரும்பி வந்துட்டாராம். எல்லாரும் சேவிக்கிறாங்களாம்" என்றேன்.

"வந்துட்டாரா" என்றாள். "சேவிக்கட்டும்."

ஊருக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் கூட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. தூரத்தில் தலைகளுக்கு மேல் குடைகளின் உச்சி மட்டும் ஆடிக்கொண்டு போனது. மச்சான் இறங்கி, வழி விடச் சொல்லிக் கத்தி, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிடுகிறேன் என்று கதவைத் திறந்தார். அவள் கையை ஆட்டினாள். "எனுக்கு ஆச்சுண்ணா. இவங்கல்லாம் எங்கெங்க இருந்தோ வந்துகீறாங்க. அவங்க பாக்கட்டும்." படுத்தபடியே அந்தத் திசைக்குக் கும்பிட்டாள்.

அன்று சாயங்காலம் தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான், பழக்கதோஷத்தில் ஒருத்தி, "சேவை ஆச்சா?" என்று கேட்டு, கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆச்சே. இங்க இருந்து பாக்கறத வுட நல்லா ஆச்சு" என்றாள் இவள். மச்சான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

தேர் ஓடி நிலைக்கு வந்தது. அதன் பிறகு அவள் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, பாட்டரி மாற்ற மச்சானோடு போயிருந்தேன். பக்கத்தில்தான் அந்த ரேடியோ கடை. கடைக்காரர் பேச்சோடு பேச்சாக, "பின்னாடி கேக்கலன்னு சொன்னீங்களே, இன்னொரு ஸ்பீக்கரு வாங்கிப் பின் கண்ணாடிக்கிட்ட வெச்சி, ஒயர் இழுத்தா முடிஞ்சிது. ரேடியோவத் தொடவே வாணாம்" என்றார். மச்சான் அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத அப்பவே சொல்ல மாட்டியாய்யா" என்றார். "நீங்க ரேடியோவ மாத்தணும்னுதானே கேட்டீங்க" என்றார் கடைக்காரர், பாவம், ஒன்றும் புரியாமல். மச்சான் அப்படி அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, தங்கையைப் பாடையில் தூக்கிய அன்றுகூட.

எனக்கும் வலித்தது. அவ்வளவு சுலபமா என்று வலித்தது. ஆனால் ஒரு ஒயர் இழுத்திருந்தால் அவள் காதில் நான் எதற்கு, என்றும் தோன்றியது. இதை மச்சானிடம் சொல்லவில்லை.

வண்டி பிறகு கைமாறிப் போயிற்று. வருஷா வருஷம் கருட சேவை வருகிறது. பெருமாள் தயவில் காலில் தெம்பு இருக்கிற வரை கோபுர வாசலுக்குப் போகிறேன். குடை சாயும்போது நான் எட்டிப் பார்ப்பதில்லை. சோளிங்கபுரம் ரோடு பிரிகிற இடம் தாண்டி நிற்கிற ஒரு புளியமரம் கண்ணுக்குள் வந்துவிடும். சென்ற வருஷம் குடையை எடுத்ததும் கோவிந்தா என்று கூட்டம் எழுந்தது. என்னை அறியாமல் மடியில் அவள் தலை இருக்கிற மாதிரிப் பக்கவாட்டில் குனிந்து ஏதோ சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தில் நின்ற அசலூர் அம்மாள் ஒருத்தி குள்ளம். கூட்டத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. "இன்னா பெரியவரே, இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"வந்துட்டாரும்மா" என்றேன். "திரும்பி வந்துட்டாரு."